தொட்டதெல்லாம் சூடு

அந்த வட்டாரத்தில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் பையில் மீட்டரும் தெர்மாமீட்டருமாக வருவார்கள். நம் ஆள் மட்டும் கையை வீசிக்கொண்டு வருவார். பெட்டியைச் சுவரிலிருந்து ஓரடி நகர்த்தி, பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, கம்ப்ரஸர் மேல் வலது உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். இடது கை குழாய்களைத் தடவிக்கொண்டே போகும். பத்து எண்ணுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "கேஸ் கம்மி" என்பார், "ரிலே போச்சு" என்பார், இல்லாவிட்டால் "பெட்டி நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் கதவைச் சரியா சாத்தறதில்ல" என்பார். இதனால் அவருக்கு ‘நாடி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் கை மேல் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாண போட்டோவில்கூட மாலைக்கு முன்னால் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்பார். மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர். ஊரே டீச்சர் என்று கூப்பிட்டதால் நாடியும் டீச்சர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார். கற்றுக்கொள்கிறவர் தப்பு செய்தால் பக்கத்து சீட்டிலிருந்தே மிதிப்பதற்கென்று அந்தக் காரில் இன்னொரு பிரேக் உண்டு. இருபது வருஷமாக அதை மிதித்து மிதித்து, வீட்டிலும் யாராவது கதை விட ஆரம்பித்தால் டீச்சரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

இப்படி இருந்த கைக்குத்தான் கேடுகாலம் வந்தது. முதலில் விரல் நுனியில் ஒரு மதமதப்பு. பிறகு குறுகுறுப்பு. அப்புறம் பச்சை மிளகாய் அரிந்த கை மாதிரி ஒரே எரிச்சல். கை எரிந்தது போதாதென்று பாதமும் சேர்ந்துகொண்டது. கொடுமை என்னவென்றால், உடம்பின் மற்ற பாகமெல்லாம் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாயும் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈரத் தரையில் நடந்தார். யாராவது கேட்டால் ஏதாவது சொல்லி மழுப்பினார். கை எரிகிறது என்று வெளியே தெரிந்தால் பிழைப்பு என்னாவது என்று வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கையோடுதான் பல் டாக்டர் வீட்டுக்குப் போனார். கம்ப்ரஸரைத் தொட்டார். தொட்ட வேகத்தில் கையை உதறினார்.

"ஐயோ, கொதிக்குது சார்! இன்னும் ரெண்டு நாள்தான் தாங்கும். கடைக்குத் தூக்கிட்டுப் போயிடறேன்."

"பல்புதான எரியலன்னு கூப்பிட்டேன்?" என்றார் பல் டாக்டர்.

"பல்பு கெடக்கட்டும் சார். உயிரே போகப் போகுது."

கடையில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பூட்டிவிட்டு மறுபடி தொட்டார், மறுபடி கொதித்தது. அடுத்த ஒரு மாதத்தில் தொட்ட பெட்டியெல்லாம் கொதித்தது. கடைக்குள் பதினோரு ஃப்ரிட்ஜ் வந்து வரிசையாக நின்றன. பதினொன்றும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன. தன் கையில்தான் கோளாறு என்று சின்னப் பிள்ளைக்கும் தோன்றியிருக்கும். நாடிக்குத் தோன்றியது வேறு. "இப்பல்லாம் கம்பெனிக்காரன் மட்டமா பண்றான்" என்று பதினோரு கம்பெனியையும் திட்டினார்.

குட்டு உடைந்தது பேக்கரிக்காரரால்தான். கேக் வைக்கும் கண்ணாடிப் பெட்டி கொதிக்கிறதென்று சொல்லி, குளிரை உச்சத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார் நாடி. மறுநாள் மத்தியானம் பேக்கரிக்காரர் கையில் வளைந்த கத்தியோடு கடைக்குள் நுழைந்தார்.

"அண்ணே, எழுபதாவது பொறந்த நாள் கேக்கு. பெரியவர் ஆசையா வெட்டப் போனா கத்தி இப்படி வளைஞ்சிடுச்சு. சுத்தியலால உடைச்சுத்தான் சாப்பிட்டாங்க. அவருக்கு மிச்சம் இருந்ததே நாலு பல்லு, அதுல ஒண்ணு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எதிரே பல் டாக்டரின் ஃப்ரிட்ஜ் திறந்திருந்தது. அதன் முன்னால் நாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் குல்லாய், உடம்பில் ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர். இரண்டு காலும் காய்கறி டிரேயில். இரண்டு கையும் ஐஸ் டிரேயில். கையும் களவுமாகப் பிடிபட்டவர் அசடு வழியச் சிரித்தார்.

"சும்மா... டெஸ்டிங்."

பேக்கரிக்காரர் நல்ல மனிதர். சண்டை போட வந்ததையே மறந்துவிட்டு டீச்சருக்குப் போன் செய்தார். பத்து நிமிஷத்தில் வாசலில் பயிற்சிக் கார் குலுங்கி நின்றது. டீச்சர் உள்ளே வந்து கணவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ஏங்க, உங்களுக்குக் குளுருதா, வேகுதா?"

"ரெண்டும்."

"எத்தனை நாளா?"

"இப்பதான், நேத்துலேர்ந்து..."

டீச்சரின் வலது கால் தரையை அழுத்தியது.

"ஆறு மாசமா" என்றார் நாடி.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால டாக்டர் தைராய்டு கம்மின்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்களே. தினம் சாப்பிடறீங்கல்ல?"

"சாப்பிடறேனே."

கால் மறுபடி அழுத்தியது. இந்த முறை செருப்புச் சத்தம் பேக்கரிக்காரருக்கே கேட்டது. நாடி எழுந்து, ஈரக் காலோடு போய், பழைய ரிலேக்கள் கிடக்கும் டிராயரைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்துக் கொடுத்தார். முக்கால்வாசி அப்படியே இருந்தது.

முதல் காரணம் வெட்கம். தைராய்டு என்பது பெண்களுக்கு மட்டும் வரும் சங்கதி என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். இரண்டாவது காரணம் அவருடைய தொழில். ஃப்ரிட்ஜ் போதுமான அளவு குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். சூடேறினால் திரும்ப ஓடவிடும். மனிதர் மாத்திரையையும் அதே கணக்கில் சாப்பிட்டிருக்கிறார். நான்கு மாதம் சாப்பிட்டார், உடம்பு தெம்பானது, கட்-ஆஃப். சோர்வு வந்தது, பத்து நாள் ஓடவிட்டார், மறுபடி கட்-ஆஃப். அன்று சாயங்காலமே, மாத்திரை கொடுத்த டாக்டரம்மாவிடம் இதை அவரே பெருமையாக விளக்கினார். டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு மூலையில் இருந்த சின்ன ஃப்ரிட்ஜைக் காட்டினார்.

"அதுக்குள்ள தடுப்பூசி மருந்து இருக்கு. நல்லா ஜில்லுனு இருக்கு. அப்ப பிளக்கைப் புடுங்கிடலாமா?"

நாடி பதறிப்போனார். "ஐயையோ, புடுங்கிடாதீங்க! அது ஓடறதாலதாங்க ஜில்லுனு இருக்கு. நிறுத்தினா எல்லாம் வீணாப் போயிடும்!"

டாக்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாடிக்கு விஷயம் விளங்க அரை நிமிஷம் ஆயிற்று. பிறகு குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கை கால் எரிச்சலுக்குச் சர்க்கரை, வைட்டமின் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டென்பதால் டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மற்றதெல்லாம் சரியாக இருந்தது, தைராய்டு மட்டும் அதலபாதாளத்தில் கிடந்தது. அது ரொம்ப நாள் குறைந்தே இருந்தால் கை கால் நரம்பைப் பாதிக்கும் என்றார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, தண்ணீரோடு மட்டும், காபியெல்லாம் பிறகுதான், கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றார்.

"கை பழையபடி ஆயிடுமா டாக்டர்?" என்று கேட்டார் நாடி.

"பெரும்பாலும் ஆகும். நரம்பு மெதுவாத்தான் தேறும், மாசக்கணக்குல ஆகலாம். முழுசா ஆகும்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன்."

வரும் வழியில் அவருக்குப் பயமாக இருந்தது. கேஸ் அடைக்கவும் கம்ப்ரஸர் மாற்றவும் யாருக்கும் தெரியும். தொட்டுச் சொல்வதுதான் அவர். அது போய்விட்டால் தான் யாரென்று அவருக்கே தெரியவில்லை. டீச்சர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடிக்கப் போனார். எரியுமே என்று ஞாபகம் வந்து சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் பட்ட பாட்டை நாடி அதற்கு முன் பட்டதில்லை. பதினோரு வீட்டுக்கும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, "தப்பு என் கைல" என்று வாய்விட்டுச் சொன்னார். பல் டாக்டருக்குப் பல்பை மாற்றிக் கொடுத்தார். கடைசியில் வெட்கத்தை விட்டு ஒரு தெர்மாமீட்டரும் வாங்கினார். தெர்மாமீட்டரோடு அவர் வந்து நின்றதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். பேக்கரிக்காரர் மட்டும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "அண்ணே, நீங்க தைராய்டு மாத்திரை எத்தனை மணிக்குப் போடறீங்க? நான் அஞ்சரைக்கு" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். ஆறடி உயரமும் கரடி மாதிரி மீசையும் உள்ள ஆள். அன்றோடு அந்த வெட்கம் தீர்ந்தது.

மாத்திரை தவறவில்லை. தவறவும் முடியாது, விடிந்ததும் டீச்சர் தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்பார். மூன்றாம் மாதம் ஸ்வெட்டர் போயிற்று. நான்காம் மாதம் செருப்பு போட முடிந்தது. கை மட்டும் முரண்டு பிடித்தது. எரிச்சல் குறைந்ததே தவிர, சூடு எது, தன் கை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாரும் பார்க்காதபோது கம்ப்ரஸரைத் தொடுவார், மனதுக்குள் ஒரு எண்ணைச் சொல்வார், தெர்மாமீட்டரைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார்.

ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எழுந்திருக்கவில்லை. வகுப்பு இல்லாத நாள், தூங்கட்டும் என்று விட்டார் நாடி. ஒன்பது மணிக்கு மேல் காபி கொண்டுபோய் எழுப்பினார்.

"தலை ஒரு மாதிரி இருக்குங்க" என்று முனகினார் டீச்சர்.

நாடி யோசிக்காமல் நெற்றியில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. கண் தானாக மூடிக்கொண்டது. பிறகு கழுத்தில் வைத்தார், உள்ளங்காலில் வைத்தார், மறுபடி நெற்றிக்கு வந்தார்.

"நூத்தி ஒண்ணு" என்றார். "நூத்தி ஒண்ணுக்கு ஒரு இம்மி மேல."

தெர்மாமீட்டரைத் தேடி ஓடினார். கடையில் வைக்கிறது, வீட்டில் வைக்கிறது என்று இரண்டையும் கொண்டுவந்து, வீட்டில் வைக்கிறதை டீச்சர் நாக்குக்கு அடியில் செருகினார். ஒரு நிமிஷம் ஒரு யுகமாகப் போயிற்று. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். நூற்றொன்று புள்ளி இரண்டு.

"காய்ச்சல்!" என்று கத்தினார் நாடி. "டீச்சர், உனக்குக் காய்ச்சல்! நெஜமாவே காய்ச்சல்!"

கட்டிலைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினார். ஆடிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. பேக்கரிக்காரருக்குப் போன் போட்டு, "என் பொண்டாட்டிக்கு நூத்தி ஒண்ணு புள்ளி ரெண்டு!" என்று சொன்னார். அந்தப் பக்கம் அவரும் பாவம், வாழ்த்துவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல், கேக் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

டீச்சர் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டியிருந்தது, உடம்பெல்லாம் வலித்தது.

"கொஞ்சம் இங்க வாங்க" என்றார்.

நாடி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தார். டீச்சர் அவர் கையை இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. எவ்வளவு?"