சும்மா வாங்க

1

"சிரிச்சாங்களா?"

"எல்லாரும். ஒருத்தியத் தவிர."

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அங்கேதான்; கேட்டு வாங்கியதல்ல. இன்ஸ்பெக்டர் வேலையை விட்டு, இப்போது கல்லூரியில் குற்றவியல் நீதி கற்பிக்கும் பேராசிரியர் அவர். அன்று வகுப்பில் பழைய தொழில் தந்திரம் ஒன்றை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்: "விசாரணைன்னா ஓடிடுவான். 'சும்மா வாங்க, பேசிட்டு அனுப்பிடுறோம்'னா சட்டையக்கூட மாத்தாம வந்துடுவான்."

வகுப்பு முடிந்ததும் அந்தச் சிரிக்காத மாணவி மேசையருகே வந்தாளாம். "எங்கப்பாவும் சட்டைய மாத்தாமத்தான் சார் உங்க ஸ்டேஷனுக்கு வந்தாரு. வீடு திரும்பல."

2

நான் எழுதும் கதைக்கு முதல் வரி: ஓய்வெடுக்கும் சிங்கம் ஒன்று... (வேண்டாம். அப்பாவுக்குத் தொப்பை.)

மாற்று: நேர்மையான அதிகாரியான அவர் கையில் எந்த உயிரும்... (இதை முடிக்க அவரிடம் கேட்டாக வேண்டும்.)

"அந்தப் பொண்ணோட அப்பாவ ஞாபகம் இருக்காப்பா?"

"எத்தனையோ பேரும்மா."

"திரும்பிப் போகாதவங்களுமா எத்தனையோ பேரு?"

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே நல்ல வெயில். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

3

மாணவியை எப்படி எழுதுவது? கைப்பையில் கத்தி வைக்கலாம். கதறி அழவிடலாம். இரண்டுமே அப்பாவுக்குப் பழக்கம்: கத்தியைப் பிடுங்குவார், அழுதால் தண்ணீர் கொடுப்பார். எனக்குப் பயம், அவள் இரண்டையும் செய்யாமல் வந்து நின்றுவிடுவாளோ என்பதுதான்.

(ஒரு பிரதியில் அவள் வரவே இல்லை, வாசகரே. அதை எழுதிய அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.)

4

இன்று அழைப்புமணி அடித்தது. காலமெல்லாம் அடுத்தவர் கதவைத் தட்டியவர், ஓடிப்போய்க் குளியலறையில் தாழிட்டுக்கொண்டார்.

சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தேன். கழுத்தில் கல்லூரி அட்டை. வெறுங்கை.

"சார் இருக்காராக்கா?"

"என்ன விஷயம்?"

"சும்மாதான்."

உள்ளே குழாய் திறக்கும் சத்தம். 'அப்பா வெளியூர் போயிருக்காரு' என்று (இதைச் சொல்லிவிட்டால் நானும் அவர் பக்கத்து ஆள். சொல்லாவிட்டால் அவர்—

"தொந்தரவு பண்ண மாட்டேங்க்கா," என்றாள் அவள். தாழ்ந்த குரல், அதில் கோபம் இல்லை. "நான் உள்ள வரல. எங்கப்பாவப் புதைச்ச இடத்த மட்டும் அவர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா? நாங்களே போய் எடுத்துக்கறோம்."