குரல் ஏறாத அழைப்பு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மலாக்கா பக்கம் ரெம்பியாவில் ஒரு கோப்பிக் கடையில், எனக்குப் பின்மேசையில் இருந்த பெண் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்ததை ஒட்டுக் கேட்டேன். எழுதுகிறவன் வெட்கம் பார்த்தால் பிழைப்பு ஓடாது. அவளுக்குத் தேவிஸ்ரீ என்று பெயர் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தங்கையா, அத்தைக்குக் காளியம்மா. மற்றதில் பாதி காதில் விழுந்தது, பாதி நான் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மலாக்கா நீரிணையின் மேல் சூரியன் மெல்ல...” அடித்துவிட்டேன். சூரியனுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2

தேவிஸ்ரீ கோலாலம்பூரில் பிரெஞ்சு படித்தவள். பாயா ரும்புட்டில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். யாரோ பிரெஞ்சுக்காரர்கள் பேசிய பதிவுகளைக் கேட்டு, எந்தச் சொல்லின் மேல் குரல் ஏறுகிறது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். கணினிக்குக் காது பழக்குகிறார்களாம்.

(இந்த இடத்தில் கொஞ்சம் வாத்தியார் வேலை. பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகப் பேசும்போது பிரெஞ்சுக்காரர்களின் குரல் சொற்றொடரின் கடைசியில்தான் எடுப்பாக விழும். ‘மரீ வீட்டை விற்றாள்’ என்பதில், விற்றது மரீயேதான், வேறு யாருமில்லை என்று சொல்ல வேண்டுமானால், குரல் அந்தப் பெயரில் ஏறிவிட்டு, மீதி வாக்கியம் முழுக்கத் தாழ்ந்து தட்டையாகப் போய்விடும். சொற்கள் அதேதான். எது முக்கியம் என்பதைக் குரல் சொல்லிவிடுகிறது. நமக்குத் ‘தான்’ என்றொரு சொல் கையில் இருக்கிறது. இருந்தும் குரல் ஏறாத ‘தான்’ எதற்கும் ஆகாது. அதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.)

3

தங்கையா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். போன வருஷம் ஸ்ட்ரோக் வந்தது. கை கால் அசைவு திரும்பிவிட்டது, பேச்சும் தெளிவு. ஆனால் குரலில் இருந்த ஏற்ற இறக்கம் மட்டும் திரும்பவில்லை. பசிக்கிறது என்பதையும் பக்கத்து வீட்டுக்காரர் செத்துப்போனார் என்பதையும் ஒரே மாதிரி சொன்னார். மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். அடுத்தவர் குரலில் உள்ள கோபமும் கெஞ்சலும்கூட அவருக்குப் பிடிபடாதாம். தன் குரல் தட்டையானது அவருக்கே தெரியவில்லை. தேவிஸ்ரீயும் சொல்லவில்லை. இருப்பதையும் பிடுங்குவானேன் என்று விட்டுவிட்டாள்.

4

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்மா இல்லாத பிள்ளை. தூக்கி வளர்த்தது காளியம்மா அத்தைதான். மணவறையில் அம்மா நிற்க வேண்டிய இடத்தில் அத்தை நிற்க வேண்டும். அவள் கேட்டது அந்த ஒன்றுதான்.

ஆனால் அத்தைக்கும் அப்பாவுக்கும் பேச்சு அறுந்து பல வருஷம். மாமா இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடியைத் தங்கையா கொண்டுபோகவில்லை. புருஷனை இழந்தவளுக்குக் கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டிய சேலை அது. லோரி ஜொகூரில் மாட்டிக்கொண்டது. அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. யாரோ ஒரு பக்கத்து வீட்டு ஆள் வாங்கி வந்து போர்த்தினான். ஒரு பெண் இதை மறப்பாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தேவிஸ்ரீ மட்டும் போய்க் கூப்பிட்டால் செல்லாது. கூடப்பிறந்தவன் வாய்திறந்து அழைக்க வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் மஞ்சள் தடவிய கார்டும் வைத்துக்கொண்டு இருவரும் கோலா சுங்கை பாருவில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனார்கள்.

“அக்கா, நீதான் முன்ன நின்னு நடத்தணும்.”

சொற்களில் ஒரு குறையும் இல்லை. காரில் வரும் வழியெல்லாம் அவர் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பார். ஆனால் குரல் எந்தச் சொல்லிலும் ஏறவில்லை. ‘நீதான்’ என்பது ‘முன்ன’வைப் போலவே வந்தது, ‘நடத்தணும்’ என்பதும் அதைப் போலவே.

அத்தை தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். பார்க்கலாம் என்றாள்.

5

காளியம்மாவை வில்லியாக்கிவிட்டால் கதை சுலபமாக முடியும். முயன்று பார்த்தேன், முடியவில்லை. அவள் இத்தனை வருஷமும் அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தவள். வந்தது தண்ணீர் பில்லை வாசித்த மாதிரி இருந்தது.

அடுக்களையில் தேவிஸ்ரீ அவளிடம் மெதுவாகச் சொன்னாள். வார்த்தையை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் நோய் எடுத்துக்கொண்டது, அப்பா மனசு வேறு என்றாள்.

“எல்லாம் தெளிவாதானே பேசறான் பாப்பா. சாக்கு சொல்லாத லா. மனசுல இருந்தா கொரல்ல வராதா?”

முகம் தெரியாதவர்களின் குரல் எங்கே ஏறுகிறது என்று குறித்துத்தான் தேவிஸ்ரீ சம்பளம் வாங்குகிறாள். அந்தப் படிப்பு அந்த அடுக்களையில் சல்லிக்காசுக்குப் பிரயோசனப்படவில்லை. எனக்கு அவள் மேல் பாவமாக இருக்கிறது. என் மேலும்தான். நான் எழுதும் எந்த வரியிலும் குரல் கிடையாது. அச்சுக்கு எப்போதோ ஸ்ட்ரோக் வந்துவிட்டது.

6

முடிவு ஒன்று: முகூர்த்தத்தன்று அத்தை கோவில் வாசலில் வந்து இறங்குகிறாள், தம்பியின் கையைப் பிடித்து... இல்லை. எனக்கே நம்பிக்கை வராததை உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

முடிவு இரண்டு: அத்தை வரவில்லை. அநேகமாக இதுதான் நடக்கும். ஆனால் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நடக்காததை நடந்ததாக எழுதி அந்தப் பெண்ணை நோகடிக்க எனக்கு மனமில்லை.

கோப்பிக் கடையில் நான் கடைசியாகக் கேட்டது இது. திரும்பும் வழியில் அவள் காரை ஓட்டினாள். அப்பா நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“நான் எப்படி சொன்னேன், பாப்பா.”

அவர் அதைத் தட்டையாகக் கேட்டார். பயந்துபோய்க் கேட்டாரா, சும்மா கேட்டாரா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன பதில் சொன்னாள் என்பதைத் தோழியிடம் அவள் சொல்லவில்லை.

“நல்லா சொன்னீங்கப்பா” என்று எழுதிப் பார்த்தேன். அதை எந்தக் குரலில் சொன்னாலும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. இந்த உலகத்தில் அவள் பயமில்லாமல் பொய் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன்.

உங்களுக்குக் குரல் இருக்கிறது. அவர் இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.