கொழுந்தியாள் பிடித்த கொடுவா

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்வதுதான் அவருக்குத் தொழில். ஆனாலும் ஊரில் எல்லோரும் அவரைக் கொடுவாக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அலைதடுப்புச் சுவரில் நின்று தூண்டில் போடுகிறவர்களில் கொடுவா மீனை அவரளவுக்குப் பிடித்தவர் கிடையாது. அது அவருக்கே நன்றாகத் தெரியும் என்பதுதான் சிக்கல். யார் எந்த மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும், பேச்சு கடைசியில் அவருடைய கொடுவாவில் வந்துதான் நிற்கும்.

முட்டையிடும் பருவத்தில் கொடுவா பிடிக்கத் தடை உண்டு. மற்ற மீன்களைத் தூண்டிலில் பிடிக்கலாம். ஆனால் மற்ற மீனெல்லாம் அவருக்கு மீனே அல்ல. தடை தொடங்கியதும் தூண்டில்களைத் துடைத்து அலமாரி மேல் ஏற்றிவிட்டு, சோபாவில் சாய்ந்துகொண்டு வீட்டில் இருப்பவர்களின் உயிரை வாங்குவார். மின்விசிறி சத்தம் போடுகிறது என்று கழற்றுவார். திரும்ப மாட்ட மாட்டார்.

அந்த வருடம் மனைவி பொறுமை இழந்து தன் தங்கைக்குப் போன் செய்தாள். தங்கை மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிறவள். விடுமுறை நாட்களில் அவளும் சுவருக்குப் போவாள், மெல்லிய நூலில் சின்னச் சின்ன மீன்களாகப் பிடிப்பாள். தடைக்காலத்தில் தூண்டில் சங்கம் ஒரு போட்டி நடத்தும். இருவர் இருவராகச் சேர வேண்டும். எடைக்கு மதிப்பில்லை, அதிக வகை மீன் பிடிக்கிற ஜோடிக்கே பரிசு.

"மாமா, எனக்கு ஜோடி இல்ல. வர்றீங்களா?" என்று வந்து நின்றாள்.

"கிழங்கான் மாதிரிப் பொடி மீன் பிடிக்கவா? என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"சோபா உறை மாதிரித் தெரியுது."

சமையலறையிலிருந்து மனைவி சிரித்த சிரிப்பில் அவர் எழுந்தே விட்டார்.

போட்டியன்று காலையில் அவர் பாடு திண்டாட்டமாக இருந்தது. பெரிய மீனுக்குப் பழகிய கை. வெடுக்கென்று இழுத்தார், ஒவ்வொரு தடவையும் முள் வெறுமனே வந்தது. கொழுந்தியாள் தன் நூலை ஒரு விரல் மேல் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி நின்றாள். "பொறுங்க மாமா, இப்ப மோந்துதான் பாக்குது… ம், இப்ப தூக்குங்க." உள்ளங்கை அளவில் ஒரு கிழங்கான் வந்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பார்த்திருந்தால் நன்றாக இருக்கும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

மதியத்துக்குள் சங்கரா, குட்டிப் பாறை, சீலா என்று வகைகள் சேர்ந்தன. போன வருடம் ஜெயித்த சலூன்கார அண்ணன் தம்பிக்குச் சரிசமமாக வந்துவிட்டார்கள். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்போதுதான் கொழுந்தியாளின் நூல் சீறிக்கொண்டு ஓடியது.

தூரத்தில் மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, வாயைப் பிளந்து தலையை உதறியது. கொடுவா! அவர் ஆயுசில் அவ்வளவு பெரிதாக ஒன்றைப் பார்த்ததில்லை. கை தானாக நீண்டது.

"குடும்மா, நான் பாத்துக்கறேன்."

"வேணாம் மாமா. நூல் முடி மாதிரி இருக்கு. நீங்க இழுத்தா அறுந்துடும்."

அவர் கையை மடக்கிக்கொண்டார்.

"அறுத்து விட்டுட்டு அடுத்ததைப் பாரும்மா! தடை மீன், இது கணக்குலயே வராது," என்று சலூன்கார அண்ணன் கத்தினார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"இவ்வளவு நூலை இழுத்துக்கிட்டுப் போனா பாறையில சிக்கிச் செத்துடும்ண்ணே," என்றாள் அவள், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அது ஓடும்போது விட்டாள், நின்றபோது சுற்றினாள். ஒரு தடவைகூட நூல் தொய்யவில்லை, விறைக்கவும் இல்லை. சுவரில் இருந்தவர்கள் தங்கள் தூண்டில்களை மறந்து கூடிவிட்டார்கள். கொடுவாக்காரர் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நூலில் தன்னால் முடிந்திருக்காது என்பது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அது அவருக்கு வலிக்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது.

மீன் பக்கத்தில் வந்ததும் அவர் போனைச் சுவர்மேல் வைத்துவிட்டு, பாசி வழுக்கும் கற்களில் இறங்கி, மார்பளவு தண்ணீரில் நின்று அதை இரு கைகளாலும் தாங்கினார்.

"தூக்கிக் காட்டுங்கண்ணே! ஒரே ஒரு போட்டோ!" மேலே எல்லோர் கையிலும் போன்.

அவர் குனிந்து அதைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் தேடிய மீன்.

"வயிறு நிறைய முட்டை இருக்குய்யா. தூக்கினா தாங்காது," என்று சொல்லிவிட்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றினார். செவுள் சீராக அசையும்வரை அதன் தலையை அலைக்கு எதிராகப் பிடித்திருந்தார். வாலால் அவர் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துவிட்டு அது ஆழத்துக்குள் போய்விட்டது.

அதற்குள் சலூன்காரத் தம்பி ஒரு கெளுத்தியைப் பிடித்துவிட்டார். விசில் ஒலித்தது. ஒரே ஒரு வகை வித்தியாசத்தில் தோல்வி. பரிசு கொடுத்தபோது எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் சொட்டச் சொட்ட நின்ற கொடுவாக்காரர்தான்.

"எவ்ளோ பெரிய மீனுண்ணே!" என்று அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னை ஏன்யா கேக்கறீங்க? நான் பிடிச்சது ஒரு கிழங்கான். அதைப் பிடிச்சது இவ. என் கொழுந்தியா!" கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது மனைவி போனில் கூப்பிட்டாள். "என்னங்க, ஜெயிச்சீங்களா?"

"இல்ல. ஆனா உன் தங்கச்சி இன்னைக்கு…" போனைக் கொழுந்தியாளிடம் நீட்டினார். "நீயே சொல்லும்மா."

"ஒண்ணுமில்லக்கா. ஒரு கொடுவா மாட்டுச்சு, விட்டுட்டோம்."

"அடிப்பாவி, இப்படியா சொல்றது!" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார். நூல் சீறியதிலிருந்து ஆரம்பித்தார். முன்னால் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தணிக்கவே இல்லை.