நீதிபதி விலகாத வழக்கு

தாரகனுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. பிழைப்பும் அப்படியே அமைந்துவிட்டது. வளைகுடா நாட்டில், ரூவி என்ற இடத்தில் ஓர் அலுவலகத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அமெரிக்க நீதிமன்றங்களில் யார் யாரோ பேசியதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. டெக்சாஸில் எவனோ மாடு திருடியதும், ஓஹையோவில் எவளோ புருஷன் காரை எரித்ததும் அவனுக்கு அத்துப்படி. சாயங்காலம் ரூமுக்கு வந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவான். அமெரிக்கச் சட்டத்தை யாழ்ப்பாணத் தமிழில் கேட்பதற்கென்றே மற்ற நாலு பேரும் டீயைப் போட்டு வைத்துக் காத்திருப்பார்கள்.

அந்த நாலு பேரில் மூத்தவர் சேதுபதி. லாரி ஓட்டுகிறவர், ரூமில் சமையலும் அவர்தான். மணிகண்டன் ஏசி மெக்கானிக். முகம்மது ஆசிக் போன் கடையில் நிற்பவன். சுரேஷ்குமார் டைல்ஸ் வேலைக்காரன், முன்கோபி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்தால் ரூமில் கோர்ட் கூடும். தாரகன்தான் ஜட்ஜ். பூரிக்கட்டைதான் சுத்தியல். கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியில் குற்றம் சாட்டப்பட்டவன் உட்காருவான். மிச்சப் பேர் ஜூரி. பாத்ரூமைக் கழுவாதவன், அடுத்தவன் ஷாம்பூவைத் தீர்த்தவன், இப்படித்தான் வழக்கு வரும். தண்டனை, ஒரு வாரம் வெங்காயம் உரிப்பது.

விளையாட்டுதான், ஆனாலும் விதி விதிதான் என்பான் தாரகன். "வாளியில இருக்கிறவன் கதைக்காமல் இருக்கலாம். அது அவன்ர உரிமை. கதைக்கேல்லை எண்டதுக்காகக் குற்றவாளி எண்டு சொல்லக் கூடாது. மற்றது, ஜூரியில எல்லாரும் கை தூக்கோணும். ஒருத்தனுக்குச் சந்தேகம் எண்டாலும் குற்றம் நிக்காது." இன்னொரு விதியும் உண்டு. அதை அவன் சொன்னதில்லை. தேவைப்படவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ரூமுக்குத்தான் பாண்டித்துரை வந்து சேர்ந்தான். மணிகண்டனின் மச்சினன், மனைவியின் தம்பி. விசிட் விசாவில் வந்து வேலை தேடினான், கிடைக்கவில்லை, விசாவும் முடிந்துபோயிற்று. ஒரு கம்பெனிக்காரன் இதோ அதோ என்று இழுத்துக்கொண்டிருந்தான். அதுவரை பையன் ரூமிலேயே ஒளிந்து கிடந்தான். பால்கனிப் பக்கம்கூடப் போகமாட்டான். காலையில் பாத்ரூமை அடைத்துக்கொண்டு நின்றதற்காக ஒருநாள் சுரேஷ்குமார் எகிறிவிட்டான். "போலீஸ்ல சொல்லிருவேன் பாத்துக்க!" என்று அவன் கத்தியதை எல்லோரும் கேட்டார்கள்.

அடுத்த நாள் கீழே நாத்தூர் ஹஸ்னைன் தாரகனை மறித்தான். நாத்தூர் என்றால் காவல்காரன்; கட்டடமும் தண்ணீர் டேங்கும் அவன் பொறுப்பு. உங்கள் ரூமால்தான் தண்ணீர் சீக்கிரம் தீர்கிறது, நாளெல்லாம் குளிக்கிறாயா என்று இந்தியில் ஏளனமாகக் கேட்டான். தாரகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நானில்லை பாய், ஒரு ஆள் கூட இருக்கிறான், விசா முடிந்துவிட்டது, வெளியே போக முடியாமல் நாள் முழுக்க ரூமிலேயே கிடக்கிறான் என்று கொட்டிவிட்டான். சொன்ன மறுநிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன செய்ய! ஹஸ்னைன் கட்டடக்காரரிடம் சொன்னான். நமக்கெதற்கு வம்பு என்று கட்டடக்காரர் மேலிடத்தில் சொல்லிவிட்டார். அதிகாரிகள் வந்து பாண்டித்துரையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பையன் செருப்புக்கூடச் சரியாக மாட்டவில்லை. இனி இந்த நாட்டுக்குள் வர முடியாதபடி கைரேகை வாங்கி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கோர்ட்டை யாரும் விளையாட்டுக்குக் கூட்டவில்லை. வாளியை இழுத்துப் போட்டது மணிகண்டன். "சுரேசு, உக்காரு" என்றான். குரல் உடைந்திருந்தது.

தாரகன் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். மணிகண்டனின் சிவந்த கண்ணைப் பார்த்தான். பூரிக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டான். பாவி!

சுரேஷ்குமார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "நீதான சொன்ன?" என்று மணிகண்டன் கேட்டான்.

"நான் ஒண்ணும் பேசப் போறதில்ல" என்றான் சுரேஷ்குமார். சொல்லும்போது அவன் மணிகண்டனைப் பார்க்கவில்லை. தாரகனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேசமாட்டானாம்! பேச வாய் இருந்தாத்தான!" என்று மணிகண்டன் குதித்தான். "எம் பொண்டாட்டி மொகத்துல நான் எப்படிண்ணே முழிப்பேன்? தம்பிய நம்பி எங்கிட்ட அனுப்புனாளே!" தேம்பிக்கொண்டே அவன் கையைத் தூக்கினான். அதைப் பார்த்துச் சேதுபதியும் தூக்கிவிட்டார்.

ஆசிக் மட்டும் தூக்கவில்லை. "கோவத்துல கத்துனான், சரி. போய்ச் சொன்னத யாரு பாத்தா? எனக்குச் சந்தேகமா இருக்கு. நான் தூக்கமாட்டேன்."

விதிப்படி வழக்கு அங்கேயே முடிந்தது. எல்லோரும் தாரகனைத் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கு நிற்காது என்றால், அப்படியானால் சொன்னது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கும் என்று அவனுக்கா தெரியாது?

"எங்கட ரூமுக்கு ரெண்டு கை காணும், அது போதும்" என்றான் தாரகன். கட்டையைத் தரையில் தட்டினான்.

சுரேஷ்குமார் எழுந்து தாரகனை ஒருமுறை பார்த்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு பக்கத்துப் பகுதியான ஹம்ரியாவில் கூட்டாளிகளோடு தங்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு தாரகனுக்குச் சோறு இறங்கவில்லை. சேதுபதி மீன் பொரித்து வைத்தாலும் மண்ணாக இருந்தது. மணிகண்டன் போனில் மனைவியிடம் சுரேஷ்குமாரின் குடும்பத்தையே இழுத்துத் திட்டும்போதெல்லாம் மாடிப்படியில் போய் நின்றுகொள்வான். எனக்கென்ன, நானா போலீஸுக்குப் போனேன், வாய் தவறியது என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தான். வாய் தவறியது சரி. கட்டையைத் தட்டியதும் வாய் தவறியா?

ஒருநாள் அலுவலகத்தில் புதிய ஒலிப்பதிவு ஒன்று வந்தது. எங்கோ ஒரு சிற்றூர் நீதிமன்றம். வேலித் தகராறு. வழக்கு தொடங்கும் முன்பே நீதிபதி இருமிக்கொண்டு சொன்னார்: இந்த வேலிக்குப் பக்கத்து நிலத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, இதை நான் விசாரிக்கக் கூடாது, விலகிக்கொள்கிறேன், வேறு நீதிபதி வருவார். அவ்வளவுதான். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தாரகனின் விரல்கள் நின்றுவிட்டன. அவன் ரூமில் சொல்லாமல் விட்ட விதி இதுதான். ஒரு வேலிக்காக ஒரு மனுஷன் எழுந்து போகிறான்! அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஹம்ரியாவுக்கு டாக்ஸி பிடித்தான்.

சுரேஷ்குமார் வாசலில் பூட்ஸில் ஒட்டிய சிமென்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தாரகனைப் பார்த்தும் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"சுரேஷ், நான் ஒண்டு சொல்லோணும். நாத்தூரிட்ட..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு நீ அவங்கிட்ட பேசினப்ப மாடிப்படில தக்காளிப் பையோட நின்னுட்டிருந்தேன். எல்லாம் கேட்டுச்சு."

 தாரகன் அவனுக்கு எதிரே குந்தினான். "பிறகு ஏனப்பா சொல்லேல்லை?"

"எப்படிச் சொல்லுவேன்? குத்தவாளின்னு உக்கார வச்சிட்டு, நான் ஜட்ஜக் கை காட்டினா எவன் நம்புவான்? தப்பிக்கறதுக்கு அடுத்தவன் மேல பழி போடறான்னு இன்னும் ரெண்டு போடுவான். நீயே சொல்லுவியான்னு உன் மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன். ஆசிக் மாட்டேன்னு சொன்னானே, அப்பவாச்சும் விட்டிருக்கலாம். கட்டையத் தட்டின பாரு, அதோட எனக்கு எல்லாம் விட்டுப்போச்சு."

"என்னை மன்னிச்சிடு."

"போடா!" சுரேஷ்குமார் பூட்ஸைத் தூக்கி எறிந்தான். "எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்கிட்ட போய்ச் சொல்லு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் தாரகனே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தான். பூரிக்கட்டையை ஆசிக்கிடம் நீட்டினான். "இண்டைக்கு நீதான் ஜட்ஜ். எனக்குச் சம்பந்தம் உள்ள வழக்கில நான் இருக்கக் கூடாது. அப்பிடி ஒரு விதி இருக்கு. நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

மணிகண்டன் சிரித்துவிட்டான். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான். "என்னய்யா பண்ணுன? என் ஷாம்பூவா?"

ஆசிக் கட்டையைச் சுழற்றிக்கொண்டே, "பேசாம இருக்க உனக்கு உரிமை உண்டு" என்றான், தாரகனைப் போலவே இழுத்து.

"வேண்டாம்" என்றான் தாரகன். "மணி, பாண்டித்துரையைக் காட்டிக் குடுத்தது நான்."

நாத்தூரிடம் சொன்னது முதல் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல மணிகண்டனின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லச் செத்தது.

"சுரேசு இந்த வாளியில உக்காந்திருந்தப்ப..." மணிகண்டன் கேட்டான். "அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

யாரும் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. மணிகண்டன் கையைத் தூக்கினான். சேதுபதி தலையைக் குனிந்துகொண்டே தூக்கினார். அன்றைக்குச் சந்தேகம் என்று தூக்க மறுத்த ஆசிக், கட்டையைத் தரையில் வைத்துவிட்டு, தாரகனின் கண்ணைப் பார்த்தபடி தன் கையையும் தூக்கினான்.