பகலில் தூங்கக் கூடாது

'காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில்' என்று எந்த மருத்துவக் குறிப்பு ஆரம்பித்தாலும் எனக்கு அங்கேயே தலை சுற்றிவிடும். எனக்குக் காலை எது? சின்னசேலம் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் நான் ராத்திரி வாட்ச்மேன். ஊரே பல் விளக்கும் நேரத்தில் எங்கள் ஊர் வடக்கனந்தலுக்கு வந்து சேர்ந்து, சோறு தின்றுவிட்டுப் படுப்பேன். சாயங்காலம் எழுந்து டூட்டிக்குக் கிளம்புவேன். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

பங்குனியில் வந்தது வினை. மகளிர் குழுவுக்கு வந்த ஒரு சித்த வைத்தியர், வெயில் முற்றுவதற்கு முன் உடம்பையும் மனசையும் புதுசாக்கிக்கொள்வது எப்படி என்று வகுப்பெடுத்தாராம். என் மனைவி செவ்வந்தி அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிட்டாள். சூரியன் கிளம்பும்போது வேப்பம்பூக் கஷாயம். அப்புறம் நடை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். எல்லாவற்றையும்விட முக்கியம், இந்தப் பருவத்தில் பகலில் தூங்கவே கூடாது.

"அப்ப நான் எப்பத்தான் தூங்கறது?" என்றேன்.

"ராத்திரிதான்."

"ராத்திரி டூட்டியாச்சே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலிங்களே" என்றாள்.

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. தை மாதத்தில் அவள் அண்ணன் கந்தசாமி கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அவருக்கு என் வயதுதான். காய்ச்சல் தலைவலி என்று ஒருநாள் படுத்தவரில்லை. அன்றிலிருந்து செவ்வந்தி என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டாள். டூட்டியில் இருந்தால் நேரங்கெட்ட நேரத்தில் போன் அடிக்கும். "சும்மாதாங்க. இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்பாள். வாட்ச்மேன் என்ன பண்ணுவான், உட்கார்ந்திருக்கிறேன் என்பேன். சரி என்று வைத்துவிடுவாள். மறுபடி கொஞ்ச நேரத்தில் அடிக்கும். அவளுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு எதிரே நின்று எனக்குத் தூக்கம் வருகிறது என்று சண்டை போட எனக்கு வாய் வரவில்லை.

ஆக, தூக்கத்தை விட்டேன். ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கண் சொருகும். உடனே முறத்தில் புளியைக் கொண்டுவந்து வைத்து, கொட்டை எடுக்கச் சொல்வாள். ஒருநாள் கொட்டையைப் பானையில் அடைத்துவிட்டுப் புளியைக் குப்பையில் கொட்டினேன். சனிக்கிழமை நல்லெண்ணெயைத் தலையில் வைத்துத் தட்டி, சீயக்காய் தேய்த்து ஊற்றினாள். அந்தச் சுகத்துக்குக் கல்கூடத் தூங்கிவிடும். அன்று பார்த்து ஃபேனையும் நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். எண்ணெய் தேய்த்த அன்று பகலில் கண்ணை மூடினால் ஜன்னி கண்டுவிடும் என்பது வைத்தியர் சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

உடம்பு புதுசாகிறது, இப்போது இப்படித்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள். எனக்கோ எதுவும் புரியவில்லை. லாரிக்குக் கேட்டைத் திறந்துவிட்டு மறுபடி பூட்டிப் பார்த்தால், நான் வெளியே நிற்கிறேன். செவ்வாயா புதனா என்கிற சந்தேகம் போய், வானம் சிவந்திருந்தால் இது விடியலா அந்தியா என்றே பிடிபடவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஒருநாள் டூட்டி முடிந்து கிளம்பினேன். கஷாயத்தைச் சூரியன் கிளம்பும்போது குடித்தே ஆகவேண்டும் என்று அவள் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தாள். ஆலை வாசலிலேயே குடித்துவிட்டுக் காலி பாட்டிலை வண்டியில் மாட்டினேன். எங்கள் ஊர் எல்லையில் பாதி ரோட்டுக்கு மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். மஞ்சளாக, மெத்தை விரித்த மாதிரி இருந்தது. எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

மிச்சத்தைச் சோளத்துக்குச் சொந்தக்காரி பெரியம்மாள் சொல்லித்தான் தெரியும். வண்டி ஒரு பக்கம் கிடந்ததாம். நான் சோளத்தில் மல்லாந்து கிடந்தேனாம், பக்கத்தில் காலி பாட்டில். கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு எங்கள் பக்கம் ஆள் விழுந்து கிடந்தால் முதலில் வாயைத்தான் மோந்து பார்க்கிறார்கள். அந்த அம்மாள் பாட்டிலையும் சேர்த்து மோந்திருக்கிறாள். இன்னதென்று சொல்ல முடியாத ஒரு கசப்பு வாடை. உடனே செவ்வந்திக்குப் போன் போட்டுவிட்டாள்.

"ஒன் வூட்டுக்காரரு எதையோ குடிச்சிட்டு வுழுந்து கெடக்கறாரும்மா. அசைவே காணோம்."

கன்னத்தில் விழுந்த அறையில்தான் நான் கண் விழித்தேன். செவ்வந்தி குனிந்திருந்தாள். காலில் செருப்பில்லை.

"விடிஞ்சிடுச்சா?" என்றேன்.

"இன்னா குடிச்சீங்க? சொல்லுங்க, இன்னாத்த குடிச்சீங்க?"

"நீ குடுத்ததத்தான். தூக்கம் செவ்வந்தி. வேற ஒண்ணுமில்ல, தூக்கம்."

அவள் அப்படியே சோளத்தில் உட்கார்ந்து, அண்ணனுக்கு அழுத மாதிரி அழுதாள். பெரியம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தள்ளி ஒக்காந்து அழும்மா, எல்லாம் மண்ணாவுது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நானாகவே முறத்தைத் தேடினேன். செவ்வந்தி அதைப் பிடுங்கி மூலையில் போட்டாள். ஜன்னலுக்கு ஜமுக்காளத்தைக் கட்டினாள். கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்தாள். வெளியே மகளிர் குழுத் தலைவி ராணியம்மாள் குரல் கேட்டது. "ராத்திரில வந்து கூப்புடறீங்களே, அப்பறம் வாங்கக்கா" என்று செவ்வந்தி உள்ளேயிருந்தே சொன்னாள். அப்போது காலைப் பலகாரம் சாப்பிடும் நேரம்.

"வைத்தியரு ஒத்துக்குவாரா?" என்றேன்.

"அவரு ராத்திரில வூட்ல தூங்கறவரு. நீங்க படுங்க."

படுத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

விழிப்பு வந்தபோது அறை இருட்டாக இருந்தது. ஜமுக்காளத்தின் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு தெரிந்தது. வழக்கம்போல அது விடியலா அந்தியா என்று குழம்பினேன். மணி கேட்கத் திரும்பினால், நெஞ்சில் வைத்த கை வைத்தபடியே செவ்வந்தி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரி முழுக்க எனக்குப் போன். பகல் முழுக்க எதிரே காவல். தை மாதத்திலிருந்து இவள் எப்போதுதான் தூங்கினாள்? நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன் அதிர்ந்தது. ஆலை மேஸ்திரி. டூட்டிக்கு நேரமாகிவிட்டது, அப்படியென்றால் அது அந்திதான். அவள் கை நகராதபடி எட்டி எடுத்து, "இன்னிக்கு வர முடியாதுங்க" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனை அணைத்தேன். இவள் எப்போது கண் விழிக்கிறாளோ அதுதான் எங்களுக்குக் காலை என்று அசையாமல் படுத்திருந்தேன்.