நாக்கை நீட்டிக் காட்டிய பிரேமினி

கிளினிக்கிலிருந்து தாதி போன் பண்ணியபோது, பிரேமினி பிள்ளை மடுவத்தில் ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. தாய்மார் மடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனபின் பதினான்கு பிள்ளைகளும் அவள் பொறுப்பு.

"போன மாசம் உங்க வாயில பஞ்சு தடவி எடுத்தோம்ல? அதுல ஈஸ்ட் வளந்திருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, வியாழக்கிழமை வந்து டாக்டரைப் பாருங்க."

பயப்பட ஒண்ணுமில்லை என்றது மட்டும் காதில் ஏறவில்லை. ஆறு வருசத்துக்கு முன்னால் அவள் வாயெல்லாம் வெள்ளை படர்ந்து, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போனபோதுதான் இரத்தம் சோதித்து எச்.ஐ.வி. என்றார்கள். கணவன் ஜீவராஜுக்குத் தொற்றியிருக்கவில்லை. தெரிந்தும் அவன் கூடவே இருந்தான். அன்றிலிருந்து அவள் ஒரு நாள் மாத்திரையும் தவறவிட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று டோர்ச் அடித்துப் பார்த்தாள். ஜீவராஜும் எட்டிப் பார்த்தான்.

"நாக்கு நல்லாத்தானே இருக்கு?"

"அப்ப எதுக்கு வரச் சொல்றாங்க?"

"போய்க் கேளு. நீ கேக்காம விடுற ஆளா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உண்மைதான், கேட்காமல் விடுகிற ஆள் இல்லை அவள்.

வியாழக்கிழமை நுவரெலியா எச்.ஐ.வி. கிளினிக்கில் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும் சிங்களத்தில் நேராகவே கேட்டாள். "மருந்து வேலை செய்யலையா மிஸ்? ஈஸ்ட்னா பாண் மாவு பொங்கப் போடுறதா?"

டாக்டரம்மா சிரித்தார். "அதோட சொந்தக்காரன்னு வச்சுக்கங்க. நோயில்லாத பல பேர் வாயிலயும் இது சும்மா இருக்கும். உடம்பு பலமா இருந்தா அடங்கிக் கிடக்கும், பலம் குறைஞ்சா வெள்ளையாப் படரும். உங்களுக்குப் படரல. எச்.ஐ.வி. கிருமி சோதனையில தெரியாத அளவுக்குக் குறைஞ்சிருக்கு, எதிர்ப்புச் சக்தியும் நல்லா இருக்கு. மருந்து நல்லாவே வேலை செய்யுது."

"மடுவத்துப் பிள்ளைகளுக்கு என்னால ஏதும்...?"

"ஒண்ணும் வராது. தாராளமாச் சோறூட்டுங்க. ஆனா ஆஸ்துமா இழுப்புக்கு வாயில பம்ப் அடிக்கிறீங்களே, அடிச்சதும் வாய் கொப்புளிக்கிறீங்களா?"

பிரேமினி தலையைச் சொறிந்தாள். கந்தப்பளைக் குளிரில் விடியற்காலைத் தண்ணீரை வாயில் வைத்தால் பல் கூசும்.

"அந்த மருந்து வாயில தங்கினா ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம். சுடுதண்ணி வச்சாவது கொப்புளிங்க. வேற மருந்து இப்ப வேணாம்."

நெஞ்சு லேசாகி வெளியே வந்தவள், காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கின் ஓரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தாள். இருபத்தைந்து வயசிருக்கும். சால்வையால் வாயை மூடியிருந்தாள். பக்கத்தில் வைத்திருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"குடிக்கலையா தங்கச்சி?"

"முழுங்க முடியலக்கா." சால்வை விலகியபோது உதட்டோரம் வரை வெள்ளை தெரிந்தது. "வலப்பனையிலருந்து வர்றேன். போன கிழமைதான் சொன்னாங்க. இந்த வாயோட இன்னும் எத்தனை நாளோ..."

தன் நோயைப் பற்றிப் பிரேமினி வெளியாள் ஒருத்தரிடமும் வாய் திறந்ததில்லை. இப்போது அவள் யோசிக்கவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நாக்கை முழுசாக வெளியே நீட்டினாள். அந்தப் பெண் திகைத்துப் போனாள்.

"நல்லாப் பாரு. ஆறு வருசத்துக்கு முந்தி இதுவும் உன் வாய் மாதிரிதான் இருந்துச்சு. எனக்கும் அதே நோய்தான்."

"உங்களுக்கா?"

"ஆமா. வாய்ப்புண்ணு மருந்துக்குப் போயிரும். மத்த மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விட்டுறாத. உள்ள போ, டாக்டரம்மா நல்லவங்க. சிங்களம் வராட்டி நான் பேசுறேன்."

"வரும்க்கா. நீங்க கூட மட்டும் வாங்க."

இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள்.

பதினொரு நாள் கழித்து நிலக்ஷி, அதுதான் அந்த வலப்பனைப் பெண்ணின் பெயர், போன் பண்ணினாள். "அக்கா, இன்னைக்கு ரொட்டியும் கட்டசம்பலும் தின்னேன். உறைப்புல கண்ணுல தண்ணி வந்துருச்சு!"

"நல்லாத் தின்னு," என்றாள் பிரேமினி. மடுவத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே பொம்மைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே அவர்களை விலக்கப் போனாள்.