பின் இருக்கையில் ஒன்பது பேர்

சிவகாசி மாநகரின் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், திருச்சபையாருக்கும் வணிகப் பெருமக்களுக்கும், ஆமத்தூர் முதல் எம். புதுப்பட்டி வரையுள்ள சகல பொதுமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படும் அதிமுக்கியமான செய்தி என்னவென்றால், தீக்காய வார்டு நர்ஸ் வினோலியா ஒரு வண்டி வாங்கினாள். வாங்கிய எட்டாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு அவள் அதைக் கிளப்பியபோது பின் இருக்கையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதே நேரத்தில் அந்த ஒன்பது பேரும் அவரவர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

வினோலியாவுக்கு வயது நாற்பத்தாறு, உயரம் நாலடி பதினோரு அங்குலம், இடுப்பெலும்பில் ஒரு டிஸ்க் விலகியிருந்தது. வீட்டிலிருந்து அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு நாலு கிலோமீட்டர். அந்த நாலு கிலோமீட்டருக்குள் ஒரு ரயில்வே கேட், பதினொரு வேகத்தடை, காகித பண்டல் ஏற்றிய லோடு ஆட்டோக்கள், சீசன் நேரமானால் தெருவை அடைத்து நிற்கும் பட்டாசு லாரிகள். ஊர் மாநகராட்சி ஆனபோது பெயர்ப்பலகைதான் மாறியது, பள்ளங்கள் அதே இடத்தில் இருந்தன. பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துப்போய், மருந்துச் சீட்டின் பின்புறத்தில் தனக்கு என்ன வேண்டும் என்று அவள் எழுதினாள். கால் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும், இடுப்பு வலிக்கக் கூடாது, முன்னால் பை வைக்க இடம் வேண்டும், விலை அறுபதாயிரத்தைத் தாண்டக் கூடாது. இதுவரைக்கும் அவள் செய்தது எல்லாம் சரி. பிறகு அந்தச் சீட்டை வீட்டில் காட்டினாள்.

அவசரம் வண்டிக்கானது அல்ல, செல்லத்தாய்க்கானது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து உராய்ந்து தீப்பற்றி இரண்டு கைகளும் வெந்துபோய், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டப்பட்டு வார்டில் கிடந்தவள் அவள். தினமும் காலையில் டாக்டர் வருவதற்குள், ஏழரைக்குள், கட்டு மாற்ற வேண்டும். வினோலியா உப்பு நீரை ஊற்றி ஊற்றித் துணியை ஊற வைத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே எடுப்பாள். வினோலியா வரத் தாமதமானால் வேறு யாராவது காய்ந்த துணியை அப்படியே உரித்து எடுப்பார்கள். அவள் அலறும் சத்தம் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும்.

வினோலியா வீட்டு வழக்கப்படி, வண்டி வாங்குவதற்கு முன் ஜெபக் கூட்டம் உண்டு. கணவன் பிராங்க்ளினின் அண்ணன் செல்வநாயகம் தலைமை தாங்கினார். அவர் ஆப்செட் அச்சகத்தில் மேற்பார்வையாளர், சபைக் கமிட்டிச் செயலாளர், ஒலிபெருக்கி இல்லாமலே ஒலிபெருக்கியில் பேசுகிறவர். ஜெபம் எட்டு நிமிடம் நடந்தது. கூடியிருந்த ஒன்பது பேரின் யோசனை இரண்டரை மணி நேரம் நடந்தது. செல்வநாயகத்தின் தலைக்கு மேலே சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. வண்டி கம்பெனி ஒன்றுக்காக அவருடைய அச்சகத்தில் எட்டாயிரம் பிரதி அடித்தது. மலைப்பாதை வளைவில், தோல் சட்டை போட்ட ஒருவன் உயரமான மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு போவான். அடியில் ‘நகரப் பயணத்துக்கு நிகரற்ற சொகுசு’ என்று போட்டிருக்கும். படத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நகரமே கிடையாது. அந்த வாசகத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவரே செல்வநாயகம்தான். பொய்யைத் தன் கையாலேயே அச்சடித்து, மை காய்வதற்குள் தானே நம்பிவிடுகிற இந்தத் திறமை வேறு ஊர்க்காரர்களுக்கு வராது.

“வண்டின்னா ஒரு கம்பீரம் வேணும்மா வினோ,” என்றார் அவர். “ஸ்கூட்டரெல்லாம் காய்கறி வாங்கப் போறதுக்கு.”

“காய்கறி நாந்தான அத்தான் வாங்குறேன்?”

ஒருவர் மைலேஜ் எழுபது வரும் என்றார். இன்னொருவர் திரும்ப விற்றால் விலை போகும் என்றார். வாங்குவதற்கு முன்பே விற்பதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். பிராங்க்ளினும் ஓட்டலாமே என்று ஒரு சித்தப்பா சொன்னார். பிராங்க்ளின் வேலை செய்த பைண்டிங் கடை வீட்டிலிருந்து மூன்றாவது வாசல். அவன் வழக்கம்போல, “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று மட்டும் சொல்லி, காராச்சேவுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஓட்டப்போகிறவளின் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை எழவில்லை. ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்துக்குக் காலண்டரில் இருந்த அதே மோட்டார் சைக்கிள் வந்து இறங்கியது. ஏற்கெனவே ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த வினோலியா, ஒரு வாரம் சாயங்காலங்களில் சர்ச் மைதானத்தில் கியர் போடவும் பழகினாள். நிறுத்தினால் ஒரு காலின் கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. அந்த ஒரு வாரமும் வண்டியை அக்கம்பக்கத்தாரை வைத்துத் தள்ளிக்கொண்டுதான் மைதானத்துக்குப் போனார்கள். தெருவில் அதை அவள் முதன்முதலாக ஓட்டிய காலையில்தான் ஒன்பது பேரும் ஏறினார்கள்.

ஏறியது அவர்களுடைய எடை. யோசனை சொன்ன அன்று போட்டிருந்த சட்டையோடு, ஆள் உருவத்தில், ஒருவர் மடியில் ஒருவராக அது உட்கார்ந்திருந்தது. செல்வநாயகம் எண்பத்து நாலு கிலோவோடும் முன்வரிசையில் இருந்தார். பிராங்க்ளின் சொன்னது யோசனையா இல்லையா என்று தீர்மானிக்க முடியாததால் அவன் பாதி எடையோடு வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கின் மேல் தொற்றிக்கொண்டிருந்தான். எடை போன ஆட்கள் ஊருக்குள் காற்றாடி போல நடமாடினார்கள். அச்சகத்தில் மின்விசிறி போட்டால் பறந்துவிடக் கூடாதென்று செல்வநாயகத்தின் மடியில் இரண்டு ரீம் காகிதம் வைத்தார்கள். அவருக்குப் பத்து வருட மூட்டுவலி நின்றது, மற்றவர்களுக்கும் அப்படியே. அதை ஆண்டவருடைய கிருபை என்று சபையில் சாட்சி சொன்னார். ஒன்பது பேரின் மூட்டுவலியும் எங்கே போயிற்று என்று வினோலியாவின் இடுப்பைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

முதல் வாரத்தில் இரண்டு நாள் தாமதம். இரண்டு நாளும் செல்லத்தாயின் சத்தம் தெருமுனை வரை வந்து அவளை எதிர்கொண்டது. மூன்றாவது முறை, ரயில்வே கேட் பக்கம் போக்குவரத்துப் போலீஸ்காரர் மணிமுத்து கையைக் காட்டி நிறுத்தினார்.

“எக்கா, ஒம்பது பேரை ஏத்திட்டு வாறீக. ஹெல்மெட்டு ஒங்களுக்கு மட்டுந்தான் இருக்கு.”

“நான் ஏத்தலை தம்பி. அவுகளா ஏறுனது.”

“எறக்கி விடுங்க.”

“நீங்களே சொல்லிப் பாருங்க.”

மணிமுத்து சொல்லிப் பார்த்தார். ஒன்பது பேரும் மைலேஜைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, நல்ல மனுசர் என்பதால், “பின் சக்கரத்துக்குக் காத்துக் கொஞ்சம் கூட வச்சா இழுக்கும்க்கா,” என்றார். சொல்லி வாயை மூடுவதற்குள் அவருடைய காக்கிச் சட்டை பத்தாவதாக ஏறி உட்கார்ந்தது. எடை போய் நின்றிருந்த மணிமுத்து, அப்போது கடந்த ரயிலின் காற்றில் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி அதற்குமேல் ஒரு முழம்கூட நகரவில்லை. வினோலியா அதை ஓரத்தில் சாய்த்துவிட்டு மீதித் தூரத்தை நடந்தாள், பாதியிலிருந்து ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே கால். உரித்துப் போட்ட துணி பேசினில் கிடந்தது. ஒட்டிய தோல் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு அதோடு உரிந்து வந்திருந்தது.

செல்லத்தாய் அழுது முடித்திருந்தாள். வினோலியா பக்கத்தில் உட்கார்ந்து, வண்டிக் கதை முழுவதையும் சொன்னாள். நேரத்துக்கு வராத இந்த நர்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பெரிய டாக்டர் வெளியே யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். செல்லத்தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“வாங்குறதுக்கு முன்ன நீங்க அதுல உக்காந்து பாத்தீகளா சிஸ்டர்?”

வினோலியா ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். கூட்டம் நடந்தது, ஜெபம் நடந்தது, காலண்டரைப் பார்த்தார்கள், விற்கும் விலையைக்கூடப் பேசினார்கள். அவளை யாரும் உட்கார வைத்துப் பார்க்கவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை என்பதுதான் அவளுக்கு அதிகமாகக் கோபம் மூட்டியது.

“இல்ல தாயி,” என்றாள்.

“ஒரு செருப்பு வாங்குனாக்கூட காலை விட்டுப் பாப்போமே,” என்றாள் செல்லத்தாய். “போங்க, போய் மொதல்ல அதைப் பாருங்க. நாளைக்கு ஏளு மணிக்கு நான் முளிச்சுக்கிட்டு இருப்பேன்.”

அன்று மதியமே வினோலியா யாரிடமும் மூச்சு விடாமல் ஜெயச்சந்திரனின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாள். ஒரு டீச்சர் ஒன்பது வருடம் ஓட்டிய பழைய ஸ்கூட்டர் அங்கே நின்றது. வெளிறிய நீலம், தரைப்பலகையில் துரு, இடது கண்ணாடி இல்லை. உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் குதிகாலோடு தரையில் பதிந்தன. தெருவை இரண்டு தடவை சுற்றினாள், வேண்டுமென்றே வேகத்தடைகளில் ஏற்றி இறக்கினாள், இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஜெயச்சந்திரன் ஏதோ யோசனை சொல்ல வாயெடுத்தபோது, “அண்ணே, தயவுசெஞ்சு பேசாதீக,” என்றாள். விலை இருபத்தாறாயிரம். மறுநாள் காலை ஆறு ஐம்பத்தைந்துக்கு அவள் வார்டில் இருந்தாள். ஊறிய துணி சத்தமில்லாமல் கழன்று வந்தது.

மோட்டார் சைக்கிளை லோடு ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து முருங்கை மரத்தடியில் நிறுத்தினார்கள். பத்து பேரும் இறங்கவில்லை. ஸ்கூட்டருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று பிராங்க்ளின் கேட்டுப் பார்த்தான். காற்றில் கொடிக்கயிற்றைப் பிடித்தபடி நின்ற செல்வநாயகம், மரத்தடி வண்டியில் உட்கார்ந்திருந்த தன் எடையின் சார்பாகப் பதில் சொன்னார். “ஏலே, அந்தத் துருப்பிடிச்ச டப்பாவுல நாங்க உக்காந்தா ஊருக்குள்ள எங்களுக்கு என்னலே மரியாதை?” ஆகவே ஸ்கூட்டர் கனக்காமலே ஓடியது.

மூன்று வருடம் ஆயிற்று. தோல் பிடித்து, செல்லத்தாய் இப்போது பத்து விரல்களாலும் இட்லிக்கு மாவு கரைக்கிறாள். ஆலை நிர்வாகம் அவளை எட்டிப் பார்க்கவில்லை, அதற்கும் ஒரு விசாரணைக் கமிட்டி உட்கார்ந்திருக்கிறது. வினோலியா மோட்டார் சைக்கிளை விற்க நாலு தடவை முயன்றாள். வந்தவர்கள் பத்து பேரோடு சேர்த்து எடுக்க முடியாது என்று போய்விட்டார்கள். எடையில்லாத ஆட்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். மணிமுத்து பணி நேரத்தில் பையில் செங்கல் வைத்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோரும் ரீம் காகிதத்தோடு வந்து, முருங்கை மரத்தடியில் தாங்கள் உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். காலண்டரில் இருந்ததைவிட நேரில் கம்பீரம் என்கிறார்கள். வண்டியின் மேல் இருக்கிறவர்கள் இரவு பகலாகப் பேசி, மைலேஜ் எழுபது இல்லை, எழுபத்திரண்டு என்று ஒருமனதாக முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

அதில் பெட்ரோல் இல்லை.